அம்மாவும் வரலாம், வேன் மட்டும் ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டும்

திருகோணமலையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பெப்ரவரி 4 விடுமுறையை ஒட்டி குடும்பமாக நுவரெலியா வந்து இரண்டு இரவு தங்குகிறார்களாம். அவர், கணவர், பத்து வயது மகன், ஏழு வயது மகள், முழங்கால் வலியுள்ள அம்மா, கனடாவில் இருந்து வந்து நிற்கும் மச்சான், ஆக ஆறு பேர். ஒரு நாளை, நுவரெலியாவுக்குக் கிட்ட மேட்டு நிலத்தில் இருக்கும் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளிக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அம்மாவால் நடக்க முடியுமா, மச்சான் ஆசைப்படுகிற கிரிகல்பொத்த மலை சரிவருமா, என்னென்ன கொண்டு போக வேண்டும் என்பவை கேள்விகள்.

நான் சமவெளிக்குப் பக்கத்து ஒஹியவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவன். இப்போது நுவரெலியாவில் படிப்பிக்கிறேன். வருசத்துக்கு நாலைந்து தடவையாவது பிள்ளைகளையோ சொந்தக்காரர்களையோ கூட்டிக்கொண்டு மேலே போய் வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். அம்மா வரலாம், ஆனால் முழுச் சுற்றும் வேண்டாம். கிரிகல்பொத்த இந்த முறை வேண்டவே வேண்டாம். கொண்டு போகிற சாமான்களை விட, எத்தனை மணிக்குப் படுக்கையை விட்டு எழும்புகிறீர்கள் என்பதுதான் இந்தப் பயணத்தைத் தீர்மானிக்கும்.

முதலில் "மலை ஏறுகிறோம்" என்ற நினைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். சிவனொளிபாதமலையின் உச்சி 2,243 மீற்றர். ஹோட்டன் சமவெளியில் நீங்கள் வேனை விட்டு இறங்குகிற இடமே 2,100 மீற்றருக்கு மேல். ஏற வேண்டிய ஏற்றத்தை எல்லாம் வேன் ஏறி முடித்துவிடும். பிறகு இருப்பது மேட்டு நிலத்தில் சிறு சிறு ஏற்ற இறக்கமாக ஒரு நடை. ஃபார் இன் என்ற பழைய வெள்ளைக்காரர் வேட்டை விடுதிதான் இப்போது பார்வையாளர் நிலையம். அங்கே தொடங்கி, சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு என்ற இரண்டு மலை விளிம்புகள், பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி அதே இடத்துக்கு வரும் பாதை ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று மேலே. பிள்ளைகளோடு நின்று பார்த்து நடந்தால் நாலு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். பாதை தெளிவானது, வழிகாட்டி தேவையில்லை. காற்று கொஞ்சம் மெல்லியது என்பதால் முதல் அரை மணி நேரம் மூச்சு வாங்கும். கடலோரத்தில் இருந்து வருகிறவர்களுக்கு அது தெரியும். பயப்பட ஒன்றுமில்லை, மெதுவாக நடந்தால் போதும்.

இனி நேரம். உலக முடிவு என்பது சமவெளி திடீரென்று முடிந்து சுமார் 880 மீற்றர் கீழே விழுகிற விளிம்பு. கோணேசர் கோயிலில் இராவணன் வெட்டின் ஓரம் நின்று கீழே கடலைப் பார்த்திருப்பீர்கள், வயிற்றில் ஒரு கூச்சம் வரும். இது அதைப் போல் பல மடங்கு. கீழே கடலுக்குப் பதிலாகத் தேயிலைத் தோட்டமும், தீப்பெட்டி அளவில் லயங்களும், தூரத்தில் சமனல வெவ நீர்த்தேக்கமும் தெரியும். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே கடற்கரை வரைக்கும் பார்வை போகும். ஆனால் காலையில் மட்டும்தான். வெயில் ஏற ஏற, கீழே பலாங்கொடைப் பக்கத்துத் தாழ்நிலத்தில் காற்று சூடாகி, ஈரத்தையும் தூக்கிக்கொண்டு அந்தப் பாறைச் சுவரோடு மேலே ஏறும். மேலே வந்ததும் குளிர்ந்து முகிலாகிவிடும். ஒன்பது மணிக்கு மெல்லிய புகை மாதிரி தொடங்கும், பத்து மணிக்குப் பெரும்பாலும் ஒரே வெள்ளை. ஐம்பது பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளையைப் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள்.

நானும் அப்படி நின்றவன்தான். ஒரு வருசம் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டி வந்தோம். அம்பேவெலயில் பாலும் கேக்கும் வாங்க நிறுத்தினோம், நிறுத்தினதில் ஒரு மணித்தியாலம் போயிற்று. விளிம்புக்குப் போய்ச் சேர பத்தரை. ஒரு பொடியன் என் கையைப் பிடித்து இழுத்து, "சேர், இதுவா உலக முடிவு? எங்க லயத்து வாசல்லயும் காலையில இதுதான் தெரியுது" என்றான். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அம்பேவெலப் பால் திரும்பி வரும்போது குடித்தாலும் பால்தான்.

ஆகவே கணக்கு இப்படிப் போகட்டும். நுழைவாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். நுவரெலியாவில் இருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஃபார் இன் வரை முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. மலைப் பாதையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஐந்து மணிக்கு வேன் உருள வேண்டும். அப்படியென்றால் நாலரைக்கு எல்லாரும் உடுத்து நிற்க வேண்டும், அதற்கு முந்தின இரவு எட்டரைக்கே பிள்ளைகள் படுக்க வேண்டும். விடுதியில் காலைச் சாப்பாட்டை எதிர்பார்க்க வேண்டாம்; முதல் நாளே சொல்லி வைத்தால் ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டித் தருவார்கள். ஆறரைக்கு நடக்கத் தொடங்கினால், ஏழு வயதுப் பிள்ளையோடும் எட்டு மணிக்கு முன்பே சின்ன உலக முடிவு, எட்டரை சுமாருக்குப் பெரியது. உங்களுக்கும் முகிலுக்கும் இடையில் அரை மணித்தியாலம் மிஞ்சும்.

நாளையும் பார்த்து எடுங்கள். பெப்ரவரி நல்ல மாதம். மழை குறைவு, வானம் தெளிவு. வைகாசியில் இருந்து புரட்டாதி வரை தென்மேல் பருவக் காற்று அடிக்கிற காலத்தில் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். ஆனால் 4ஆம் திகதி சுதந்திர தினம் நாடே விடுமுறை. போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாட்களும் அப்படித்தான். அந்த நாளில் மட்டும் மேலே போகாதீர்கள். வாசலில் வாகன வரிசையில் நிற்கிற நேரத்தில் முகில் உங்களை முந்திவிடும். முதல் நாளோ அடுத்த நாளோ போங்கள், 4ஆம் திகதி நுவரெலியா வாவியில் படகு விடுங்கள்.

ரயிலில் ஒஹியவுக்குப் போய் அங்கிருந்து ஏறினால் என்ன என்று யாராவது சொல்லுவார்கள். சின்ன வயதில் நாங்கள் அப்படித்தான் போவோம், ஸ்டேசனில் இருந்து பதினொரு கிலோமீற்றர் கால்நடையாக. அந்தப் பாதையின் அழகு தனி. இப்போது ஒஹியவில் ஆட்டோவும் கிடைக்கும். ஆனால் பகல் ரயில் எதுவும் உங்களை ஆறு மணிக்கு மேலே கொண்டு சேர்க்காது. ரயில் ஆசையை அடுத்த நாளுக்கு வையுங்கள். நானுஓயாவில் ஏறி அப்புத்தளை வரைக்கும் போனால், இலங்கையிலேயே உயரமான ஸ்டேசனான பட்டிப்பொலயை (1,892 மீற்றர்) பிள்ளைகள் பார்ப்பார்கள். அதைத் தாண்டி ஒரு சுரங்கம். அதற்குள் ஒரு வானிலையில் நுழைந்து வேறொரு வானிலையில் வெளியே வருவதும் உண்டு. மழைக்காலத்துக்குப் பிறகு மண்சரிவால் பாதை அடைபட்டிருக்கலாம், ரயில் ஓடுகிறதா என்று ஸ்டேசனில் கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள்.

பட்டிப்பொல வாசலைத் தாண்டி உள்ளே போகும்போதே புல்வெளியில் மரைகள் நிற்கும். விடியற்காலையில் புல்லின் நுனியெல்லாம் துகள் பனி வெள்ளையாக உறைந்திருக்கும், அதற்குள் அவை அசையாமல் நின்று பார்க்கும். வேனை நிறுத்திப் பாருங்கள், கண்ணாடியைத் திறந்து எதையும் நீட்டாதீர்கள். ஃபார் இன் பக்கத்து மரைகள் மனிதரைக் கண்டால் கிட்ட வந்து நிற்கும். பழகின மிருகம் என்று பிள்ளைகள் குதிப்பார்கள். தின்பண்டம் கொடுத்துக் கொடுத்துக் கெடுத்து வைத்ததால் வந்த பழக்கம் அது. பிஸ்கட்டோடு பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிச் செத்த மரைகளின் வயிற்றில் இருந்து உருண்டை உருண்டையாக எடுத்திருக்கிறார்கள்.

நடை தொடங்கும் இடத்தில் பையைத் திறந்து பார்ப்பது அதனால்தான். ஷொப்பிங் பேக், லன்ச் ஷீட், பிஸ்கட் உறை எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலைக்கூட உரித்து எடுப்பார்கள். சில பேர் அங்கே நின்று சண்டை பிடிப்பார்கள். நீங்கள் அந்த வேலையை விடுதியிலேயே முடித்துவிடுங்கள். சாப்பாட்டை டிபன் பெட்டியிலோ வாழையிலையிலோ கட்டுங்கள், பிஸ்கட்டைப் பிரித்து ஒரு டப்பாவில் போடுங்கள், கச்சானைக் கடதாசிச் சுருளில் எடுங்கள், லேபல் இல்லாத போத்தலில் தண்ணீர் நிரப்புங்கள். பெரிய வரிசையில் அது பத்து நிமிசத்தை மிச்சப்படுத்தும், அந்தப் பத்து நிமிசம் உலக முடிவில் உங்களுக்கு உதவும்.

இனிப் பாதை. முதல் கிலோமீற்றர் திறந்த புல்வெளி, நடுவில் ஓடை. சிங்களத்தில் இந்த இடத்துக்குப் பழைய பெயர் மகா எலிய, பெரிய வெட்டவெளி என்று பொருள். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோட்டன் பெயரைப் பிறகு வைத்தார்கள். வெள்ளைக்காரர் யானையையும் மரையையும் சுட்டுத் தள்ளின இடம் இது. இப்போது சமவெளியில் யானையே இல்லை. உருளைக்கிழங்கும் போட்டுப் பார்த்தார்கள். 1969இல் பாதுகாக்கப்பட்ட இடமாக்கி, 1988இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். 2010இல் சிவனொளிபாதக் காடுகளோடும் நக்கிள்ஸ் மலைகளோடும் சேர்த்து உலக மரபுரிமையாகவும் ஆயிற்று. ஆனால் இந்தக் காடு தப்பினதற்கு அதற்கும் முந்தின ஒரு காரணம் உண்டு. 1873இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலே உள்ள காட்டில் கை வைக்க வேண்டாம் என்று ஆலோசனை சொன்னார். அதற்குக் கீழே இருந்ததெல்லாம் முதலில் கோப்பியாகி, பிறகு தேயிலையாகி, எங்கள் பாட்டன் பூட்டன் வந்து இறங்கினார்கள். உலக முடிவில் நின்று கீழே பார்க்கும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: மேலே கறுத்த காடு, கீழே சீப்பால் வாரினது போல் தேயிலை.

புல்வெளி முடிந்து பாதை பிரியும் இடத்தில் பலகை இருக்கும். உலக முடிவுப் பக்கத்தை முதலில் பிடியுங்கள். நீர்வீழ்ச்சி எந்த நேரமும் விழுந்துகொண்டிருக்கும், முகில் உங்களுக்காகக் காத்திருக்காது. காட்டுக்குள் நுழைந்ததும் மரமெல்லாம் குட்டையாக, முறுகி, குடை விரித்த மாதிரி நிற்கும். உடம்பு முழுக்கப் பாசி. மழை இல்லாத நாளிலும் அந்தப் பாசியில் இருந்து தண்ணீர் சொட்டும். முகிலில் இருந்தே தண்ணீரைப் பிடித்து நிலத்துக்குள் இறக்குகிற காடு இது, பஞ்சு மாதிரி. மகளை ஒரு கிளையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பிடுங்க வேண்டாம். சில இடங்களில் பெரிய மரங்கள் நின்ற நிலையிலேயே காய்ந்து வெள்ளை எலும்பாக நிற்பதும் தெரியும். பல வருசமாக நடக்கிற பட்டுப்போதல் அது. ஒரே காரணத்தைச் சொல்லி முடிக்கக்கூடிய விசயமில்லை.

பாதையில் வேர்களும் உருளைக்கற்களும் கூட, தண்ணீர் அரித்த பள்ளங்களும் உண்டு. செருப்போடு வரவே கூடாது. புதுச் சப்பாத்து வாங்கி அன்றைக்குத்தான் முதல் தடவை போடுவதும் கூடாது. பிடிப்புள்ள பழைய சப்பாத்து போதும்.

சின்ன உலக முடிவில் பள்ளம் 270 மீற்றர் அளவில்தான், ஆனால் பார்வை மோசமில்லை. என்னைக் கேட்டால் சின்னதுதான் அழகு. கூட்டம் குறைவு, எதிர்ச் சரிவு கிட்டத்தில் தெரிவதால் ஆழமும் நன்றாகப் புரியும். அங்கிருந்து பெரிய உலக முடிவு கொஞ்ச நேர நடைதான். இரண்டிலும் ஒரே விதி: பத்து வயது மகனுக்குக் கையைப் பிடிக்க வெட்கமாக இருந்தாலும் பிடியுங்கள். விளிம்பில் சில இடங்களில்தான் கம்பி உண்டு. தரை ஈரமாக இருந்தால் புல்லும் வழுக்கும். படம் எடுக்கிறவர் காலைப் பின்னால் வைக்கக் கூடாது. 2015இல் நெதர்லாந்தில் இருந்து தேனிலவுக்கு வந்த ஒரு இளைஞர் மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்தார், அப்படியே விழுந்தார். நாற்பது மீற்றர் கீழே ஒரு மரம் தாங்கினதால் உயிர் மிஞ்சியது, இராணுவத்தினர் இறங்கித் தூக்கி வந்தார்கள். அந்த மரம் எல்லாருக்கும் நிற்காது. மச்சானுக்கு இந்தக் கதையை வேனிலேயே சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் விசயத்துக்கு வருகிறேன். முழங்கால் வலிக்காரருக்கு ஏற்றத்தை விட இறக்கம்தான் கஷ்டம். இந்தச் சுற்றில் மோசமான இறக்கம் பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் போகிற இடம். செங்குத்தான படிகளும் வழுக்கும் வேர்களும். அங்கே இறங்கிவிட்டால் ஏறித்தான் ஆக வேண்டும், தூக்கிக்கொண்டு போக வாகனம் வராது. அதனால் அம்மாவுக்கு நான் சொல்வது, சின்ன உலக முடிவு வரை போய், அதே வழியில் திரும்பி வருவது. அம்மாவின் நடையில் போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை. ஊன்றுகோல் ஒன்று கையில் இருக்கட்டும். நுவரெலியாவில் வாங்கலாம், தோட்டத்துப் பக்கம் யாரையாவது தெரிந்தால் கவ்வாத்து வெட்டின தேயிலைக் கட்டையில் செய்த தடி கேட்டு வாங்குங்கள், வீட்டுக்கும் உதவும். முதல் கிலோமீற்றரிலேயே முழங்கால் முறைத்தால், வெட்கப்படாமல் திரும்பி ஃபார் இன்னில் இருந்துகொள்ளலாம். அங்கே உட்கார்ந்து மரையைப் பார்த்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பதும் சமவெளி பார்ப்பதுதான்.

இதில் ஒரு பிரச்சினை வரும். சின்ன உலக முடிவோடு அம்மா திரும்பினால் கூட யார் திரும்புவது? அதை மேலே போய் நின்று பேசாதீர்கள். தாய்க்காரி எப்படியும் "நான் திரும்புகிறேன்" என்பார், பெரிய உலக முடிவை ஆண்கள் மட்டும் பார்ப்பார்கள். நான் பார்த்த குடும்பங்களில் பத்துக்கு எட்டு இப்படித்தான். மச்சான் தனி ஆள். அவர் அத்தையோடு திரும்பட்டும், நீங்களும் கணவரும் பிள்ளைகளும் சுற்றை முடியுங்கள். மகள் களைத்துவிட்டால் பெரிய உலக முடிவில் இருந்து பேக்கருக்கு இறங்காமல் நேராக நடந்து வந்துவிடலாம். பிரிகிறவர்கள் எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது என்று வாயால் சொல்லிக்கொள்ளுங்கள், போனை நம்ப வேண்டாம். பதினொன்றரை, ஃபார் இன் முற்றம், அவ்வளவுதான்.

பேக்கர் நீர்வீழ்ச்சி இருபது மீற்றர் உயரம்தான். நுவரெலியாவில் 1848இல் வெள்ளைக்காரக் குடியேற்றம் தொடங்கின சாமுவேல் பேக்கரின் பெயர் அது. பிறகு ஆபிரிக்காவுக்குப் போய் ஆல்பர்ட் ஏரியைக் கண்டவரும் அவரே. விசிறி மாதிரி அகலமாக விழும், சுற்றி மரப் பன்னம். குளிக்க இறங்கக் கூடாது. தடை மட்டுமில்லை, ஆட்கள் செத்தும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே நின்று மகனுக்கு ஒன்று காட்டுங்கள். இந்த ஆறு பெலிஹுல் ஓயா. இது கீழே இறங்கி வளவை கங்கையோடு சேருகிற இடத்தில்தான் சமனல வெவ கட்டியிருக்கிறது, காலையில் விளிம்பில் நின்று நீங்கள் பார்த்த அதே நீர்த்தேக்கம். சமவெளியின் இன்னொரு பக்கத்தில் ஊறுகிற அக்ர ஓயா வேறு திசையில் ஓடி மகாவலியில் கலக்கும். மகாவலி எங்கே போய்க் கடலில் விழுகிறது? உங்கள் கொட்டியாரக் குடாவில். மூதூர்ப் பக்கம் நீங்கள் பார்க்கிற ஆற்றில் இந்தப் பாசியில் சொட்டின தண்ணீரும் இருக்கிறது. களனி கங்கைக்கும் இந்த மலைகளில்தான் பிறப்பு. புவியியல் புத்தகத்தில் மனப்பாடம் பண்ணினதை என் மாணவர்கள் அந்த ஓடையில் குனிந்து நின்றபோதுதான் நம்பினார்கள்.

கிரிகல்பொத்த. 2,388 மீற்றருக்கு மேல், பிதுருதலாகலவுக்கு அடுத்தபடி நாட்டின் இரண்டாவது உயரமான மலை. பிதுருதலாகலவின் உச்சியில் இராணுவ முகாம் இருப்பதால், கால்நடையாக ஏறி நிற்கக்கூடிய சிகரங்களில் இதுதான் உயரம். மச்சானுக்கு ஆசை வந்ததில் தப்பில்லை. ஆனால் போய்வர பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேல், ஐந்தாறு மணித்தியாலம். பாதை பல இடங்களில் புல்லுக்குள் மறைந்துவிடும், சேற்றுப் பள்ளங்களும் உண்டு. முகில் மூடினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித் தெரியும். உலக முடிவையும் இதையும் ஒரே நாளில் பிள்ளைகளோடு செய்ய முடியாது, தனியாக அவரை அனுப்புவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சிகரம் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்தால் தொட்டுபொலகந்த இருக்கிறது. மூன்றாவது உயரம், 2,357 மீற்றர். பட்டிப்பொல வாசலுக்குக் கிட்ட, வீதியோரத்திலேயே பாதை தொடங்கும். குட்டைக் காட்டுக்குள் ஒடுங்கின பாதை, பெரிய ஆட்கள் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறிவிடுவார்கள். இராவணன் புஷ்பக விமானத்தை இறக்கின இடம் என்று ஊரில் கதை உண்டு. உங்களூரில் பாறையை வெட்டினவன் எங்களூரில் விமானம் இறக்கியிருக்கிறான், ஆள் ஓரிடத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில், முற்பகல் பன்னிரண்டுக்கு முன், மழை அறிகுறி இல்லாவிட்டால், கணவரும் மச்சானும் மட்டும் ஏறி இறங்கட்டும். வாசலில் அன்றைக்கு அனுமதி இருக்கிறதா என்று உள்ளே வரும்போதே கேட்டுவிடுங்கள்.

மிருகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுத்தை உண்டு. நடக்கும்போது காண்பது மிக அரிது; விடிகாலையில் வீதியில் குறுக்கே போனால் வேனுக்குள் இருந்தபடி பாருங்கள். பிள்ளைகளைப் பாதையில் முன்னால் ஓட விடாதீர்கள், சிறுத்தைக்காக மட்டுமில்லை, விளிம்புக்காகவும்தான். காட்டுக்குள் அடர்ந்த ரோமத்தோடு கறுத்த மந்தி சத்தம் போடும், குளிருக்குக் கம்பளி போர்த்தின மாதிரி இருக்கும். தேவாங்கு இரவுப் பிராணி, காண மாட்டீர்கள். இந்தச் சமவெளிக்கே உரிய தேவாங்கு அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தார்கள், 2010இல் அதன் படம் வெளிவந்தது. மகளுக்கு நான் வைக்கும் போட்டி: மூக்கில் காண்டாமிருகம் மாதிரிக் கொம்பு வைத்த ஓணானைக் கண்டுபிடிக்க வேண்டும். பாசி பிடித்த மரத்தண்டில் விரல் நீளத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டு இருக்கும். இலங்கை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. ஏழு வயதுக் கண்கள்தான் அதைக் காணும், எங்கள் கண்ணுக்குச் சுள்ளியாகத்தான் தெரியும்.

உடுப்பு விசயத்தில் கடலோரத்துக்காரர் இரண்டு தப்பு செய்வார்கள். ஒன்று, குளிரை நம்பாமல் மெல்லிய சட்டையோடு வருவது. பெப்ரவரி விடியலில் மேலே கை விறைத்துப் போகும். மற்றது, ஒரே ஒரு தடித்த ஜக்கெற்றோடு வருவது; எட்டு மணிக்கு வெயில் ஏறினதும் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மெல்லிய சட்டை, அதற்கு மேல் சுவெட்டர், அதற்கு மேல் காற்றும் தூறலும் புகாத ஏதாவது என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டால், ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காதை மூடுகிற தொப்பி பிள்ளைகளுக்குக் கட்டாயம். குளிராக இருந்தாலும் அந்த உயரத்தில் வெயில் முகத்தைச் சுட்டுவிடும், சாயங்காலம்தான் தெரியும். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். கழிப்பறை வேலையை ஃபார் இன்னிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

காலையில் எழும்பிப் பார்க்க மழை கொட்டினால்? போகாதீர்கள். நுவரெலியா நகரத்துக்குள்ளேயே கல்வேஸ் லேண்ட் என்று ஒரு குட்டித் தேசியப் பூங்கா இருக்கிறது, முப்பது ஹெக்டேயரும் இல்லை. மழை விட்டதும் அம்மாவும் நடக்கலாம், பறவைகள் நிறைய. உண்மையில் நீங்கள் வந்து சேருகிற முதல் நாள் மாலையிலேயே அங்கே ஒரு அரை மணி நேரம் அம்மாவை நடத்திப் பாருங்கள். முழங்கால் என்ன சொல்கிறது என்று அன்றிரவே தெரிந்துவிடும். அடுத்த நாள் ரயிலில் அப்புத்தளைக்குப் போனால் தங்கமலைச் சரணாலயம் உண்டு, 1931இல் கட்டின அடிசம் பங்களாவுக்கு அடுத்தாற்போல். பெயரே நம் பெயர். அங்கே டிக்கெட் வரிசையும் இல்லை, விளிம்புப் பயமும் இல்லை. காட்டுக்குள் பறவைச் சத்தத்தோடு நடந்துவிட்டு, பங்களாவில் இருக்கும் கத்தோலிக்க மடத்துச் சாமிமார் செய்கிற ஜாம் போத்தல் ஒன்று வாங்கிக்கொண்டு வரலாம்.

கடைசியாக, டிக்கெட். வனஜீவராசிகள் திணைக்களம் உள்நாட்டவருக்கு ஒரு விலையும் வெளிநாட்டவருக்கு அதைப் போல் பல மடங்கும் வைத்திருக்கிறது. தமிழ் பேசுவதையோ முகத்தையோ பார்த்து விட மாட்டார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். பெரியவர்கள் எல்லாரும் தேசிய அடையாள அட்டையை எடுத்து வாருங்கள். மச்சானிடம் இரட்டைக் குடியுரிமையும் இலங்கைக் கடவுச்சீட்டும் இருந்தால் அதைக் கொண்டு வரச் சொல்லுங்கள். கனேடியக் கடவுச்சீட்டு மட்டும்தான் என்றால் வெளிநாட்டு டிக்கெட்தான், அதை இப்போதே அவர் காதில் போட்டு வையுங்கள். காலை ஆறு மணிக்கு, குளிரில், பின்னால் இருபது வாகனம் நிற்கும்போது அந்தப் பேச்சு வேண்டாம்.